யாரை? எதை?

ஆண்டுதோறும் கல்லூரி திறந்த சில வாரங்களில் உதவித்தொகை விண்ணப்பங்கள் எழுதும் காலம் வந்துவிடும். முதலாண்டு மாணவர்கள் வெள்ளைத்தாளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, ஆங்கிலத் துறையின் வாயிலில் தயங்கி நிற்பார்கள். "ஐயா, இது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்" என்பார்கள். நானும் சிவப்பு மையை மூடிவைத்துவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்குவேன். அந்தக் கடிதங்களுள் சிலவற்றில், ஆண்டுகள் பல கடந்தும் மாறாத ஒரு வாக்கியம் இருக்கும். "மை ஃபாதர் வாஸ் டைடு" என்பதே அது. "என் தந்தையார் இறந்துவிட்டார்" என்று சொல்ல வந்த வாக்கியம்.

அந்த வாக்கியத்தைக் காணும்போதெல்லாம் என் கையிலுள்ள பென்சில் ஒரு கணம் நின்றுவிடும். ஏனெனில், 1986ஆம் ஆண்டு இதே வாக்கியத்தை நானே எழுதியவன். தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வியை முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். தறி நெய்து எங்களைக் காப்பாற்றிய தந்தையார் அதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார். உதவி வேண்டி ஓர் அலுவலகத்திற்கு விண்ணப்பம் கொண்டு சென்றேன். அதை வாங்கிப் படித்த அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன தம்பி, உன் அப்பா செத்தாரா, சாகடிக்கப்பட்டாரா?" என்று உரக்கக் கேட்டார். அருகிலிருந்த மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அந்த வாக்கியத்தில் என்ன பிழை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கேட்கும் துணிவு எனக்கும் இல்லை.

பிழையின் காரணம் எனக்கு விளங்க இரண்டு ஆண்டுகள் ஆயின. விளங்கியபோது, "இவ்வளவுதானா?" என்று தோன்றியது. அந்தக் காரணத்தைத்தான் இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன். ஆங்கில வினைச்சொற்களை டிரான்சிட்டிவ் என்றும் இன்டிரான்சிட்டிவ் என்றும் இரண்டாகப் பிரிக்கும் பாகுபாடே அது.

பெயரும் பொருளும்

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. 'டிரான்ஸ்' என்பது 'கடந்து', 'அப்பால்' என்று பொருள்படும் இலத்தீன் சொல். அதனோடு 'செல்லுதல்' என்னும் பொருளுடைய மற்றொரு இலத்தீன் சொல் சேர்ந்தே டிரான்சிட்டிவ் என்ற சொல் பிறந்தது. செய்பவனிடம் தொடங்கிய செயல் அவனைக் கடந்து வேறொன்றின்மீது சென்று சேருமானால் அது டிரான்சிட்டிவ் வினை. செய்பவனோடு நின்றுவிடுமானால் இன்டிரான்சிட்டிவ் வினை.

குயவர் பானையை வனைகிறார். வனைதல் குயவரிடம் தொடங்கிப் பானையில் போய் முடிகிறது. குழந்தை உறங்குகிறது. உறக்கம் குழந்தையிடம் தொடங்கிக் குழந்தையிடமே அடங்கிவிடுகிறது. முன்னது கடந்து செல்லும் வினை. பின்னது கடவாத வினை.

இந்தப் பாகுபாடு நமக்குப் புதியதன்று. ஒரு வினை நிகழ்வதற்குத் துணையாக நிற்பவை எட்டு என்று தொல்காப்பியம் எண்ணிக் காட்டுகிறது. நன்னூல் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறாகக் கூறுகிறது. இவ்விரண்டு பட்டியலிலும் செயப்படுபொருள் உண்டு. சில வினைகளுக்கு மற்றவையெல்லாம் இருக்கும். செயப்படுபொருள் மட்டும் இராது. அவற்றைச் செயப்படுபொருள் குன்றிய வினை என்றனர் நம் இலக்கணத்தார். செயப்படுபொருளும் குறையாமல் வருவதைச் செயப்படுபொருள் குன்றா வினை என்றனர். பள்ளியில் தமிழாசிரியர் இதை நமக்குக் கற்பித்திருக்கிறார். அடுத்த மணியில் ஆங்கில ஆசிரியர் வந்து அதையே வேறு பெயரால் சொன்னபோது, இரண்டும் ஒன்றே என்று நாம் உணரவில்லை. எனக்கு நேர்ந்த இடர்ப்பாடெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

இரண்டு கேள்விகள்

ஒரு வினை எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய, அதன்முன் 'யாரை?', 'எதை?' என்னும் இரு கேள்விகளை நிறுத்திப் பார்க்கலாம். "ஷி பாட் எ புக்." அவள் வாங்கினாள். எதை? ஒரு புத்தகத்தை. விடை கிடைத்தது, 'பை' டிரான்சிட்டிவ் வினை. "தி பேபி ஸ்லெப்ட்." குழந்தை உறங்கியது. எதை உறங்கியது? கேள்வியே பொருந்தவில்லை, 'ஸ்லீப்' இன்டிரான்சிட்டிவ் வினை.

ஆங்கில இலக்கண நூல்கள் சில, வினைக்குப்பின் 'வாட்' என்று கேட்கச் சொல்கின்றன. அந்தக் கேள்வியைக் காட்டிலும் நம்முடைய 'எதை' கூர்மையானது. எவ்வாறு எனக் காண்போம். "ஷி பிகேம் எ டாக்டர்" என்ற வாக்கியத்தில், 'வாட்' என்று கேட்டால் 'எ டாக்டர்' என்ற விடை வந்துவிடுகிறது. மாணவர் அதைச் செயப்படுபொருள் என்று எழுதிவிடுகிறார். தமிழில் கேட்டுப் பாருங்கள். அவள் எதை ஆனாள் என்று யாராவது கேட்பார்களா? என்ன ஆனாள் என்றுதான் கேட்க முடியும். ஆகவே அந்த 'டாக்டர்' செயப்படுபொருள் அன்று. எழுவாயையே மீண்டும் சுட்டி நிரப்பும் சொல். 'பிகம்', 'சீம்' போன்ற வினைகள் எழுவாயையும் அதன் தன்மையையும் இணைக்கும் பாலங்கள் மட்டுமே. இரண்டாம் வேற்றுமையின் 'ஐ' உருபு நமக்குத் தரும் நன்மை இது.

அதேபோல, வினைக்குப்பின் ஒரு பெயர்ச்சொல் நிற்பதாலேயே அதைச் செயப்படுபொருள் என்று கருதிவிடலாகாது. "ஹி ஸ்லெப்ட் டூ அவர்ஸ்" என்பதில் 'டூ அவர்ஸ்' என்பது எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு விடை. அவன் இரண்டு மணி நேரத்தை உறங்கவில்லை. இரண்டு மணி நேரம் உறங்கினான்.

இன்னொரு விந்தையும் உண்டு. கடவாத வினைகள் சில, தம்மோடு ஒத்த பெயரை மட்டும் செயப்படுபொருளாக ஏற்கும். 'டிரீம் எ டிரீம்', 'லிவ் எ ஹேப்பி லைஃப்' என்பன போல. நாமும் "ஒரு சிரிப்புச் சிரித்தான்", "ஓர் ஓட்டம் ஓடினான்" என்கிறோம் அல்லவா? அத்தகையதே இது. அரிதாக வருவதால் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

தமிழ் வழிதவறச் செய்யும் இடம்

இதுவரை தமிழ் நமக்குக் கைகொடுத்தது. இனி, அது நம்மை வழிதவறச் செய்யும் இடத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தமிழில் ஒரு வினை எந்த வேற்றுமையை வேண்டுகிறதோ, ஆங்கிலத்தில் அதே பொருளுடைய வினையும் அதற்கு நிகரான உருபையே வேண்டும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

"தேர்வைப் பற்றி விவாதித்தோம்" என்கிறோம். 'பற்றி' என்பதற்கு 'அபவுட்' என்று பழகியிருப்பதால், "வி டிஸ்கஸ்டு அபவுட் தி எக்ஸாம்" என்று எழுதுகிறோம். 'டிஸ்கஸ்' டிரான்சிட்டிவ் வினை. செயல் நேரே செயப்படுபொருளைச் சென்று தொடும்; இடையில் தரகர் வேண்டியதில்லை. "வி டிஸ்கஸ்டு தி எக்ஸாம்" என்றாலே போதும்.

"அறைக்குள் நுழைந்தான்" என்பதில் ஏழாம் வேற்றுமைக்குரிய 'உள்' இருக்கிறது. ஆனால் அறைக்குள் நுழைவதைக் குறிக்கும் 'என்டர்' நேரே செயப்படுபொருளை ஏற்கும்: "ஹி என்டர்டு தி ரூம்." கூட்டத்தில் கலந்துகொள்கிறோம், ஆங்கிலத்தில் 'அட்டெண்ட் தி மீட்டிங்' என்பதில் 'இன்' இல்லை. பெரியோர்க்குக் கீழ்ப்படிகிறோம், 'ஒபே' என்பதற்குப்பின் 'டு' இல்லை. தாய்க்கு உதவுகிறோம், 'ஹெல்ப்' என்பதற்குப்பின்னும் 'டு' இல்லை. தந்தையைப் போல இருக்கிறான். 'ரிஸெம்பிள்' என்பதற்குப்பின் 'லைக்' வருவதில்லை. ஒருத்தியோடு திருமணம் நடக்கிறது. 'மேரி' என்பதற்குப்பின் 'வித்' வருவதில்லை.

இதற்கு நேர்மாறானவையும் உள. "வானொலியைக் கேட்டேன்" என்பதில் 'ஐ' உருபு தெளிவாக நிற்கிறது. ஆனால் 'லிசன்' இன்டிரான்சிட்டிவ் வினை. 'டு' என்னும் முன்னிடைச்சொல்லின் துணையின்றி அது வானொலியை எட்டாது. படத்தைப் பார்க்கிறோம், 'லுக்' என்பதற்கு 'அட்' வேண்டும். பேருந்தை எதிர்பார்த்து நிற்கிறோம்; 'வெயிட்' என்பதற்கு 'ஃபார்' வேண்டும்.

ஊரை அடைவதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. 'ரீச்' டிரான்சிட்டிவ், 'அரைவ்' இன்டிரான்சிட்டிவ். "வி ரீச்டு மதுரை" என்றும், "வி அரைவ்டு இன் மதுரை" என்றும் எழுத வேண்டும். "ரீச்டு டு மதுரை" என்பதும், "அரைவ்டு மதுரை" என்பதும் ஒன்றன் உரிமையை மற்றொன்றுக்குக் கொடுத்த பிழைகள். தொலைபேசியில் "ஐ ரீச்டு" என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதுவும் இப்படிப்பட்டதே. எதை அடைந்தேன் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் 'ரீச்' நம்மை விடாது. 'ஹோம்' என்றாவது, ஊரின் பெயரையாவது சேர்க்க வேண்டும்.

ஆகவே 'யாரை, எதை' என்னும் தேர்வு முதற்படியே. இரண்டாம் படியாக, அந்த ஆங்கில வினை முன்னிடைச்சொல்லின்றிச் செயப்படுபொருளை ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்லும் நடுவர் தமிழ் அன்று, அகராதி.

ஒரு சொல், இரு வேலை

தமிழில் ஒரு வினை கடந்து செல்லும்போது பெரும்பாலும் தன் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. வண்டி ஓடியது, வண்டியை ஓட்டினான். கல் உருண்டது, கல்லை உருட்டினான். துணி நனைந்தது; துணியை நனைத்தான். சினம் அடங்கியது, சினத்தை அடக்கினான். மெல்லோசை வல்லோசையாக மாறுவதையும், ஒற்று இரட்டிப்பதையும் செவியே உணர்த்திவிடும். 1856ஆம் ஆண்டு வெளிவந்த தமது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இந்த ஒலிமாற்றத்தை எடுத்துக்காட்டி விளக்கியிருக்கிறார்.

ஆங்கிலத்தில் இந்த வசதி இன்று அருகிவிட்டது. "தி பாட் ப்ரோக்" என்றால் பானை உடைந்தது. "தி பாய் ப்ரோக் தி பாட்" என்றால் பையன் பானையை உடைத்தான். உடைந்ததற்கும் உடைத்ததற்கும் 'ப்ரோக்' என்ற ஒரே சொல். தண்ணீர் கொதித்தாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் 'பாயில்'. மணி ஒலித்தாலும் மணியை அடித்தாலும் 'ரிங்'. வண்டி நின்றாலும் வண்டியை நிறுத்தினாலும் 'ஸ்டாப்'. தமிழிலும் இப்படிச் சில உண்டு. கதவு திறந்தது என்றும், கதவைத் திறந்தான் என்றும் ஒரே வினையால் சொல்கிறோம். நமக்கு இது விதிவிலக்கு. ஆங்கிலத்திலோ இத்தகைய வினைகள் மிகப் பல. ஆகவே, "இந்தச் சொல் டிரான்சிட்டிவா?" என்று தனியே கேட்பது பல வேளைகளில் விடையில்லாத கேள்வி. "இந்த வாக்கியத்தில் இச்சொல் எந்த வேலையைச் செய்கிறது?" என்று கேட்பதே முறை.

எனினும், தமிழைப் போல வடிவம் மாறும் இணைகள் சில ஆங்கிலத்திலும் எஞ்சியுள்ளன. 'ஃபால்' என்றால் விழு. 'ஃபெல்' என்றால் மரம் முதலியவற்றை வீழ்த்து. 'சிட்' என்றால் அமர். 'செட்' என்றால் அமரச்செய், வை. 'லை' என்றால் கிட. 'லே' என்றால் கிடத்து. 'ரைஸ்' என்றால் எழு. 'ரெய்ஸ்' என்றால் எழுப்பு, உயர்த்து. ஆங்கிலத்தின் மூதாதையான பழைய செர்மானிய மொழியில், 'செய்வி' என்ற பொருள் தரும் ஒரு விகுதி வினையின் இறுதியில் சேர்ந்தது. காலப்போக்கில் அந்த விகுதி தேய்ந்து மறைந்தது. ஆனால் அது மறையுமுன், சொல்லின் நடுவிலிருந்த உயிரொலியில் தன் சாயலை விட்டுச் சென்றது. 'சிட்' என்பதற்கும் 'செட்' என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு இத்தகையது. விழு, வீழ்த்து என்று நாம் சொல்வதும், 'ஃபால்', 'ஃபெல்' என்று அவர்கள் சொல்வதும் ஒரே தேவைக்கு இரு மொழிகள் கண்ட வழிகள்.

இவற்றுள் நம்மை மிகவும் குழப்புவது 'லை', 'லே' இணைதான். காரணம், கிடத்தலைக் குறிக்கும் 'லை' என்பதன் இறந்தகால வடிவமும் 'லே' என்பதே. "நேற்று அவன் படுக்கையில் கிடந்தான்" என்பதற்கு "ஹி லே ஆன் தி பெட் எஸ்டர்டே" என்று எழுத வேண்டும். "புத்தகத்தை மேசைமேல் வைத்தான்" என்பதற்கு "ஹி லெய்டு தி புக் ஆன் தி டேபிள்" என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இவ்விரண்டையும் மயங்கிப் பேசுவதுண்டு. ஆதலால் நாம் மயங்கினால் வெட்கப்பட வேண்டியதில்லை. 'எதை' என்று கேட்டுப் பார்த்தால் தெளிவு பிறந்துவிடும்.

விடுபடும் 'இட்'

இனி, நம் மாணவர்களின் பேச்சிலும் எழுத்திலும் நான் மிகுதியாகக் காணும் குறை ஒன்றைச் சொல்லுகிறேன். தமிழில் செயப்படுபொருள் இன்னதென்று முன்னமே தெரிந்திருந்தால் அதை விட்டுவிடுவோம். "கட்டுரை கொடுத்துவிட்டாயா?" என்று கேட்டால், "நேற்றே கொடுத்துவிட்டேன் ஐயா" என்கிறோம். அதைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்வதில்லை. கேட்பவர் ஊகித்துக்கொள்வார். இது தமிழின் சுருக்கமும் அழகும் ஆகும்.

ஆங்கிலத்தில் இந்தச் சலுகை மிகக் குறைவு. "ஐ கேவ் எஸ்டர்டே" என்றால் கேட்பவர் மேலும் ஏதோ வரப்போகிறதென்று காத்திருப்பார். "ஐ கேவ் இட் எஸ்டர்டே" என்று அந்தச் சிறிய 'இட்' என்னும் சொல்லைச் சேர்த்தே ஆக வேண்டும். படம் பிடித்ததா என்பதற்கு "டிட் யூ லைக்?" என்பது போதாது, "டிட் யூ லைக் இட்?" என்று கேட்க வேண்டும். சுற்றுலா சென்று வந்த மாணவர் "வி என்ஜாய்டு" என்று நிறுத்திவிடுகிறார். எதை? "வி என்ஜாய்டு தி டிரிப்" என்றோ, "வி என்ஜாய்டு அவர்செல்வ்ஸ்" என்றோ முடிக்க வேண்டும். 'கெட்', 'புட்', 'வாண்ட்' முதலியனவும் இத்தகையவை.

ஆனால் 'ஈட்', 'ரீட்', 'ரைட்' போன்ற சில வினைகள் செயப்படுபொருளின்றியும் தனித்து நிற்கும். "ஹி இஸ் ஈட்டிங்" என்பதில் குறையொன்றும் இல்லை. எந்த வினை தனித்து நிற்கும், எது நில்லாது என்பதற்குப் பொதுவிதி கூறுவது கடினம்; பழகப் பழகவே கைவரும்.

இரண்டு செயப்படுபொருள்களை ஏற்கும் வினைகளும் உண்டு. 'கிவ் மீ எ பென்' என்பதில் எனக்கு என்பதும், ஒரு பேனாவை என்பதும் இரண்டு செயப்படுபொருள்களாகின்றன. 'டெல்' என்பதும் அவ்வாறே: "ஹி டோல்டு மீ எ ஸ்டோரி." ஆனால் 'சே', 'எக்ஸ்பிளெயின்' ஆகிய இரண்டும் ஆளை நேரே ஏற்பதில்லை. "எக்ஸ்பிளெயின் மீ தி லெசன்" என்று எழுதாமல், "எக்ஸ்பிளெயின் தி லெசன் டு மீ" என்று எழுத வேண்டும். தமிழில் 'சொல்' என்ற ஒரே வினையால் முடிந்த வேலையை ஆங்கிலம் 'சே', 'டெல்' என இரண்டாகப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

செயப்பாட்டுவினையும் என் தந்தையாரும்

இப்போது தொடங்கிய இடத்திற்கே வருகிறேன். "பையன் பானையை உடைத்தான்" என்பதைச் செயப்பாட்டுவினையாக மாற்றினால் "பானை பையனால் உடைக்கப்பட்டது" என்று வரும். செயப்படுபொருளாயிருந்த பானை எழுவாயின் இருக்கைக்கு வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் இதே முறைதான்: "தி பாட் வாஸ் ப்ரோக்கன் பை தி பாய்." செயப்படுபொருளே இல்லாத வினையில் எழுவாயின் இருக்கைக்கு வர யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. ஆகவே செயப்படுபொருளை ஏற்காத வினைக்குச் செயப்பாட்டுவினை இல்லை. விதி இவ்வளவுதான்.

'டை' இன்டிரான்சிட்டிவ் வினை. இறப்பவர் எதையும் இறப்பதில்லை. அவரிடம் தொடங்கி அவரிடமே முடிந்துவிடும் செயல் அது. ஆகவே 'வாஸ் டைடு' என்பதற்கு இடமே இல்லை. "மை ஃபாதர் டைடு இன் 1985" என்று எழுதியிருக்க வேண்டும். இறந்த நிலையைச் சொல்வதானால் 'டெட்' என்னும் பெயரடையைக் கொண்டு "மை ஃபாதர் இஸ் டெட்" என்று எழுதலாம்.

அப்படியானால் நான் ஏன் 'வாஸ்' போட்டேன்? இப்போது எண்ணிப் பார்க்கிறேன். 'இறந்துவிட்டார்' என்பதில் 'இறந்து' ஒன்று, 'விட்டார்' ஒன்று என இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. 'டைடு' என்னும் ஒற்றைச் சொல் அதற்குப் போதாதது போல எனக்குத் தோன்றியிருக்கிறது. துணைவினைக்கு ஈடாக 'வாஸ்' வந்து அமர்ந்துகொண்டது. "விபத்து ஏற்பட்டது" என்பதைப் பலர் "ஆன் ஆக்சிடெண்ட் வாஸ் ஹேப்பண்டு" என்று எழுதுவதும் இவ்வாறே. 'ஏற்பட்டது' என்பதிலுள்ள 'படு' செயப்பாட்டுவினையின் 'படு' போலக் காதில் விழுகிறது. 'ஹேப்பன்', 'அக்கர்', 'அரைவ்', 'டிஸப்பியர்' ஆகிய எதற்கும் செயப்பாட்டுவினை கிடையாது. "ஆன் ஆக்சிடெண்ட் ஹேப்பண்டு" என்றாலே முழுமை பெற்றுவிடும்.

அந்த அலுவலர் கேட்ட கேள்வியையும் இலக்கணக் கண்கொண்டு பார்த்தேன். 'வாஸ் டைடு' என்பதற்குச் 'சாகடிக்கப்பட்டார்' என்ற பொருள் வருவதற்கு வழியே இல்லை. அதற்கு 'கில்' என்ற டிரான்சிட்டிவ் வினை தனியே உண்டு. 'வாஸ் கில்டு' என்றால்தான் அந்தப் பொருள் கிடைக்கும். என் வாக்கியம் பிழையானது. அதற்கு அவர் கற்பித்த பொருளும் பிழையானது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் என் மனத்திலிருந்த பாரம் ஓரளவு இறங்கியது.

ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 'லாஃப்' இன்டிரான்சிட்டிவ் வினை. சிரிப்பு சிரிப்பவரோடு நின்றுவிடும். ஆனால் அதனோடு 'அட்' என்னும் முன்னிடைச்சொல் சேர்ந்தால், அது ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதாகிவிடுகிறது. அப்போது இரண்டும் சேர்ந்து ஒரே வினைபோல் இயங்கும். செயப்பாட்டுவினையும் அதற்கு உண்டு. "ஐ வாஸ் லாஃப்டு அட்." நான் எள்ளி நகைக்கப்பட்டேன். அன்றைய என் நிலைமைக்கு இலக்கணப் பிழையற்ற வாக்கியம் அதுதான். அன்று அதை எழுத எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அகராதி என்னும் ஆசான்

எனக்கு இதையெல்லாம் விளக்கியது, நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியே. அதை உருவாக்கிய ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். 1942ஆம் ஆண்டு டோக்கியோவில் முதலில் வெளிவந்து, 1948ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக மறுபிறவி எடுத்தது அந்நூல். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களுக்கென்றே செய்யப்பட்டது. ஆகையால் ஒவ்வொரு வினைக்கும் பொருள் கூறுவதோடு நில்லாமல், அந்த வினையை அடுத்து என்ன வரும், எந்த அமைப்பில் வரும் என்பதையும் அது காட்டியது. ஜப்பானிய மாணவர்களின் இடர்ப்பாடுகளைக் கண்டு ஓர் ஆசிரியர் செய்த நூல், தமிழ்நாட்டில் ஒரு நெசவாளியின் மகனுக்கும் உதவிற்று.

ஆங்கில அகராதியில் ஒரு வினையைப் பார்க்கும்போது பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வினைச்சொல்லின் அருகில் அது எந்த வகை என்ற குறிப்பு இருக்கும். பழைய பதிப்புகளில் 'வி.டி.', 'வி.ஐ.' என்றிருக்கும், சிலவற்றில் 'டி', 'ஐ' என்ற ஓரெழுத்தாக இருக்கும், சிலவற்றில் முழுச்சொல்லாகவே இருக்கும். இன்று கைப்பேசியிலேயே நல்ல அகராதிகளைக் காண முடிகிறது; அவற்றிலும் இக்குறிப்பு உண்டு. அதன்கீழ் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். ஒரு குறிப்பேட்டில் வினையைத் தனியே எழுதாமல் வாக்கியத்தோடு எழுதிவையுங்கள். 'டிஸ்கஸ்: விவாதி' என்று எழுதினால் பயன் பாதிதான். 'டிஸ்கஸ் தி பிளான்: திட்டத்தைப் பற்றி விவாதி' என்று எழுதினால் பயன் முழுமையாகும். நாளொன்றுக்கு மூன்று வினைகள் என்று கொண்டாலும், மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வினை வாக்கியங்கள் கைவசமாகும்.

முடிவாக

இப்போது விண்ணப்பத்தோடு வரும் மாணவர் 'வாஸ் டைடு' என்று எழுதியிருந்தால், நான் முதலில் அவர் தந்தையாரைப் பற்றிக் கேட்கிறேன். அவர் என்ன தொழில் செய்தார், வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டறிகிறேன். பிறகு அந்த 'வாஸ்' என்பதன்மேல் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு, "தம்பி, எதை இறந்தார் என்று கேட்க முடியுமா?" என்று வினவுகிறேன். பெரும்பாலும் மாணவரே தலையசைத்து, "முடியாது ஐயா, புரிகிறது" என்கிறார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் பாடம் இது. எனக்கு அந்த ஐந்து நிமிடத்தை அன்று ஒருவரும் தரவில்லை.

தமிழில் திருந்து என்றும் திருத்து என்றும் இரண்டு வினைகள் உண்டு. திருந்துவது மாணவர் தாமே செய்துகொள்ள வேண்டியது. அது கடவாத வினை. திருத்துவது ஆசிரியர் கடமை. அது செயப்படுபொருளை வேண்டும் வினை. ஆகவே திருத்தப் புகும் ஒவ்வொருவரும், யாரை, எதை என்ற கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். திருத்த வேண்டியது எழுதியவரை அன்று, வாக்கியத்தையே.

மாணவ நண்பர்களே, பிழை நேருமென்று அஞ்சி எழுதாமல் இருந்துவிடாதீர்கள். எழுதுங்கள், எழுதியதைக் கொண்டுவந்து காட்டுங்கள். ஆங்கிலத் துறையின் கதவு திறந்தே இருக்கிறது.